அம்மாவின் முகத்துக்கு மேலே நாலேகால் கிலோ

என் அப்பா பல் மருத்துவமனை நாற்காலிகளைப் பழுது பார்ப்பவர். நாற்பத்தொரு வருடம் அதே வேலை. பல் டாக்டர்களே அவரை ‘சேர் டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை டாக்டர்களைத் தெரிந்திருந்தும் தன் பல்லை ஒருவரிடமும் காட்டியதில்லை. கேட்டால், “அந்தச் சேர்ல என்னென்ன லூசா இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்” என்பார்.

அவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் செய்த ஒரு பொருளைப் பற்றித்தான் எழுத வருகிறது. அம்மாவின் கட்டிலுக்கு மேலே கணினித் திரையைத் தாங்கிப் பிடிக்கும் ஓர் இரும்புக் கை. அவர் போன பிறகு அந்தக் கையை நம்பலாமா என்று தீர்மானிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் லிஃப்ட் பரிசோதிக்கிறவள். தொங்குகிற எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அம்மாவின் வேலையைச் சொல்லாமல் அந்தக் கையைச் சொல்ல முடியாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், பிரித்தால் திரும்ப மடிக்க வராத தாள், அதை அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவள் அம்மா. உலகத்தில் அதை முழுக்கப் படிக்கிற ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பழைய தாள், புதிய தாள் இரண்டையும் திரையில் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். சின்னத் திரையில் முடியாது.

ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு முதுகுத்தண்டில் இரண்டு அறுவை சிகிச்சை. நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம். உட்காரக் கூடாது. கால்மணி நேரம் தாண்டினால் இடது கால் மரத்துப்போகும். மடிக்கணினியை வயிற்றில் வைத்துப் பார்த்தாள், கழுத்து போயிற்று. ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள், தோள் போயிற்று. கடையில் விற்கும் திரைத் தாங்கிகளை நானே தேடினேன். எல்லாம் மேசைக்குச் செய்தவை. கட்டிலின் நடுவரை நீளாது. திரையை நேர் கீழே பார்க்க வைத்தால் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

ஒரு நாள் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்து, இந்த மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொன்னாள். அப்பா வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், “ஒரு மாசம் டைம் கேளு” என்றார்.

“எதுக்கு?”

“பாத்துக்கலாம்.”

அவர் வாழ்க்கையில் அதிகம் சொன்ன சொல் அதுதான். பேச்சில் சிக்கனம். எதையும் விளக்க மாட்டார். ஒரு பொருளின் எடை தெரிய வேண்டுமென்றால் உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் மேலே கீழே அசைப்பார். சொல்கிற எடை பெரும்பாலும் சரியாக இருக்கும். திரையை அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு, “நாலேகால்” என்றார். அதோடு வந்த காகிதத்திலும் அதுவே இருந்தது.

முதலில் செய்தது ஒரு கப்பி. கூரையில் கொக்கி, கயிற்றின் ஒரு நுனியில் திரை, மறு நுனியில் நாலேகால் லிட்டர் தண்ணீர் நிரப்பிய கேன். தொட்டால் ஏறியது, தொட்டால் இறங்கியது. அம்மா படுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, திரை விழுந்தா என் மூக்கு போகும். கேன் விழுந்தா மெத்தை போகும். எது முதல்லன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“ரெண்டும் விழாது.”

“அப்புறம் நீங்க ஏன் அவ்ளோ தள்ளி நிக்கறீங்க?”

இரண்டாம் நாள் கேனின் மூடி கசிந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகப் போக, திரை மெதுவாக இறங்கித் தலையணைமேல் குப்புறப் படுத்துவிட்டது. அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள். அப்பா அந்தத் தலையணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு ஏணி போட்டு ஏறிக் கப்பியைக் கழற்றினார். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்தது, பழைய கார் ஒன்றின் பின்கதவைத் தூக்கி நிறுத்தும் காற்றுத் தண்டு. நல்லவேளையாகச் செத்துப்போன ஒரு பழைய திரையை மாட்டித்தான் சோதித்தார். கையை விட்டார். திரை விருட்டென்று மேலே போய்க் கூரையில் இடித்து நின்றது. கூரையில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் இன்றும் இருக்கிறது.

“என்னங்க, சல்யூட் அடிக்குது?” என்றாள் அம்மா.

“மரியாதை தெரிஞ்ச திரை” என்று சொல்லிவிட்டு அதையும் கழற்றினார்.

மூன்றாவதுதான் இப்போது இருப்பது. பல் டாக்டரின் நாற்காலிக்கு மேலே இருக்கும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விரலால் இழுத்தால் வரும், விட்ட இடத்தில் நிற்கும். அந்த மாதிரி இரண்டு விளக்குகளின் கைகளை ஒரு பழைய மருத்துவமனைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்தார். இரண்டையும் பிரித்து ஒன்றாக்கினார். சுவரோரம் தரையிலிருந்து ஓர் இரும்புச் சட்டம், அதில் பக்கவாட்டில் சுழலும் ஒரு கை, அதன் நுனியில் ஏறி இறங்கும் இன்னொரு கை. ஏறி இறங்கும் கைக்குள் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஸ்பிரிங். நாற்காலியின் முதுகு மெதுவாகச் சாய்வதற்காக உள்ளே ஓர் எண்ணெய்க் குழல் இருக்கும். அதையும் எங்கேயோ செருகினார். நுனியில் நான்கு துளை போட்ட தகடு, அதில் திரை. தகட்டிலிருந்து சட்டம்வரை சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று. கை முறிந்தாலும் திரை அந்தக் கம்பியில் தொங்கும்.

கேட்ட ஒரு மாதத்தில் இருபத்தாறாம் நாள் முடித்தார். அம்மா படுத்தாள். விசைப்பலகையைச் சாய்வுப் பலகை ஒன்றில் வைத்து வயிற்றின்மேல் நிறுத்தினாள். திரையை ஒரு விரலால் இழுத்தாள். வந்தது. விட்டாள். நின்றது. வேலையை ஆரம்பித்துவிட்டாள். நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் அப்படித்தான்.

அந்த வார இறுதியில் நான் போனேன். பார்த்தேன். பார்த்தது மட்டும்தான், பரிசோதிக்கவில்லை. என் அலுவலகத்தில் ஒரு பாரம் மனிதர் தலைக்கு மேல் தொங்கினால் அதற்குப் பதினான்கு பக்கம் படிவம். இங்கே ஒரு பக்கம்கூட இல்லை. நான் சட்டையைப் பிடிக்காத குறையாக அப்பாவிடம் நின்றேன்.

“அப்பா, ஸ்பிரிங் கூட இழுக்குது. வெச்ச இடத்துல திரை இல்ல. மணிக்கு ஒரு விரல் மேல போயிடுது.”

“போகட்டும்.”

“போகட்டும்னா? பேலன்ஸ் ஆகலைன்னு அர்த்தம்.”

“மேலதானே போகுது.”

“இதுக்கு நான் சரின்னு சொல்ல மாட்டேன்.”

“உன்ன யாரு கேட்டா, ஆபீசர்?” என்று சிரித்தார்.

கோபத்தில் ஒரு தாளில் ஏழு குறைகள் எழுதிக் கொடுத்தேன். வரிசை எண் போட்டு, தேதி போட்டு. படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “ஆபீசர் நோட்டீஸ் கொடுத்துட்டாங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். “வீட்ட சீல் வெச்சுடுவாளா?” என்று அம்மாவின் குரல் வந்தது. நான் பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

ஒரு குறையையும் அவர் சரிசெய்யவில்லை. மூன்று வருடம் அந்தக் கை அப்படியே இருந்தது. மணிக்கு ஒரு தரம் அம்மா, “ஏங்க, மேல போயிடுச்சு” என்று குரல் கொடுப்பாள். அப்பா எங்கிருந்தாலும் வந்து ஒரு விரலால் இறக்குவார். “போதுமா மேடம்?” “இன்னும் கொஞ்சம்.” “இப்ப?” “ம்.” அம்மாவுக்குக் கை எட்டும் தூரம்தான். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவளே இறக்கிக்கொள்வாள். அவர் வீட்டில் இருந்தால் கூப்பிடுவாள்.

அவர் இறந்ததும் வேலையில்தான். ஒரு நாற்காலியைச் சரிசெய்து முடித்ததும் அதில் தானே பத்து நிமிடம் படுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். விளக்கை முகத்துக்கு மேல் இழுத்து நிறுத்திக்கொண்டு, நகர்கிறதா என்று பார்ப்பார். சிலநாள் குறட்டை கேட்கும். எல்லா டாக்டருக்கும் இது தெரியும். அன்றும் படுத்தார். அந்தப் பல் மருத்துவமனையின் பெண் டாக்டர் என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்:

“தூங்கறார்னு நெனச்சோம்மா. பாவம், வயசானவர், தூங்கட்டும்னு விட்டுட்டோம். அரைமணி நேரம் எழுப்பவே இல்ல.”

எழுப்பியிருந்தாலும் பயனில்லை என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். நம்புகிறேன். சில நாள் நம்புவதில்லை.

மூன்றாவது வாரம் அம்மா வேலைக்குத் திரும்பினாள். கட்டிலில் படுத்தபடியே திரும்புவதற்கு ‘திரும்பினாள்’ என்பது பெரிய சொல்தான். ஆனால் அதுதான் அவளை நிமிர்த்தியது. நான் சனிக்கிழமைதோறும் போய் ஞாயிறு இரவு கிளம்பிவந்தேன். இருவரும் அவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. சாப்பிட்டோம். துணி துவைத்தோம். அவருடைய கருவிகளை நான் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

மூன்றரை மாதம் ஆனபோது ஒரு சனிக்கிழமை, திரைக் கையிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு நைலான் கயிறு ஓடுவதைப் பார்த்தேன்.

“இது என்னம்மா?”

“துணி காயப்போட.”

“ஒரு துணியும் காணோமே.”

“இனிமே போடுவேன்.”

கயிற்றை அவிழ்த்தேன். திரையின் உயரத்தைச் சட்டத்தில் பென்சிலால் குறித்துவிட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். அரைமணி நேரத்தில் ஒரு நகக்கண் அளவு. ஒரு மணி நேரத்தில் ஒரு விரல்.

மேலே அல்ல. கீழே.

“எத்தன நாளா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா கழட்டிடுவே. அதக் கழட்டினா நானும் கடையக் கட்டிட வேண்டியதுதான். அப்புறம் நாள் பூரா இந்தக் கூரையப் பாத்துட்டு என்னடி பண்ணுவேன்?”

அவள் குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஸ்பிரிங் தளர்ந்தால் அதற்குள் எங்கேயோ ஒரு விரிசல் இருக்கலாம். விரிசல் இருந்தால் அது ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அறும். அன்று திரைக்குக் கீழே இருப்பது அம்மாவின் முகம். அப்பா தப்புச் செய்திருக்கலாம் என்பது எனக்குப் பயமாக இல்லை. யாரும் செய்வார்கள். தப்பு என்று நினைத்தும் ஏழு வரி எழுதிக் கொடுத்துவிட்டு நான் பஸ் பிடிக்கப் போனேனே, அதுதான் பயமாக இருந்தது.

“நாளைக்கு முழுசாப் பரிசோதிப்பேன். தேறலைன்னா கழட்டிடுவேன்” என்றேன்.

“திங்கக்கிழமை காலைல இருமல் மருந்து போகணும். ஒம்பது பக்கம்.”

“தேறினா பண்ணு.”

“தேறலைன்னா?”



ஞாயிறு காலை கட்டிலை நகர்த்தினேன். முதலில் சட்டம். சுவரில் ஆறு ஆணி, தரையில் நான்கு. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். பிறகு பக்கவாட்டுக் கையை முழுதாக வெளியே இழுத்து, அதன் நுனியில் நானே தொங்கினேன். ஐம்பத்தெட்டு கிலோ. அசையவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

“உன் ஆபீஸ்லயும் இப்படித்தான் தொங்குவியா?”

“அங்க மூட்டை தொங்கவிடுவோம்.”

“மூட்டைக்கு நீ பரவாயில்ல.”

அடுத்து மூட்டுகள். தேய்மானம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது யாரோ எண்ணெய் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, அவர்தான். பிறகு ஸ்பிரிங்குகள். இரண்டையும் துடைத்து, அம்மாவின் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தேன். எழுபத்திரண்டு சுற்று. விரிசல் இல்லை. துரு இல்லை. கொக்கிகள் தேயவில்லை.

எனக்கு நிம்மதி வரவில்லை. குறை இருந்து தெரியாமல் இருப்பது, குறை தெரிவதைவிட மோசம்.

திரையைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் இழுத்துக்கொண்டிருக்கும் கையிலிருந்து பாரத்தை எடுத்தால் கை விருட்டென்று மேலே பாயும். குனிந்து நின்றால் தாடை போய்விடும். அதைத் தடுக்க ஓர் இரும்பு ஊசி செருகுவதற்கு அப்பா துளை போட்டிருந்தார். ஊசியும் அதே இடத்தில் ஒரு நூலில் தொங்கியது. செருகினேன். திரையின் முதுகுக்குத் தூசி படாமல் அம்மா தைத்துப் போட்ட உறை ஒன்று உண்டு. நடுவில் மட்டும் தகட்டுக்காக ஒரு பிளவு.

“உறையக் கழட்டாத. தூசி” என்றாள் அம்மா.

கழற்றவில்லை. பிளவு வழியாகவே நான்கு திருகையும் எடுத்துத் திரையைக் கட்டிலில் கவிழ்த்தேன். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று என் வேலைப் பையில் எப்போதும் இருக்கும். அதைக் கையின் நுனியில் மாட்டி, ஊசியை எடுத்து, மெதுவாகக் கீழே இழுத்தேன். கை எவ்வளவு தூக்குகிறது என்று அது சொல்லும்.

நாலு கிலோ நானூற்றைம்பது கிராம்.

மூன்று தடவை இழுத்தேன். அதே எண். திரை நாலேகால். அதைவிட இருநூறு கிராம் அதிகமாகத் தூக்குகிறது இந்தக் கை. அப்பா வைத்தபோது இருந்தது போலவே. அப்படியானால் திரை மேலேதான் போக வேண்டும். கீழே வருகிறது. கணக்கு ஒன்று சொல்கிறது, கை வேறொன்று செய்கிறது. தராசைத் திருப்பிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். பிறகுதான் தோன்றியது, திரையை நான் எடை போடவே இல்லை என்று.

நாலு கிலோ எழுநூற்று முப்பது.

அம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினாள். நான் உறையைக் கழற்றினேன். திரையின் முதுகில், அடியோரமாக, அகலமான டேப்பால் வரிந்து ஒட்டப்பட்டிருந்தது ஒரு ஸ்பேனர். சத்தம் போடாமல் இருக்க அடியில் ஒரு துண்டுத் துணி.

“அம்மா.”

“என்ன?”

“என்னது இது?”

“ஸ்பேனர்.”

“அது தெரியுது.”

“அப்பாவோடது.”

“அதுவும் தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?”

அவள் வந்து கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மேல போயிட்டே இருந்துச்சுடி. முன்னாடி ஒரு குரல் குடுத்தா வந்து இறக்குவாரு. இப்ப மணிக்கு ஒரு தரம் நானே கைய நீட்டணும். ஒவ்வொரு தரம் நீட்டும்போதும்...” நிறுத்திக்கொண்டாள். “கொஞ்சம் வெயிட் வெச்சா நின்னுடும்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் அதத்தான பண்ணுவீங்க?”

“எவ்ளோ வெயிட்னு பாத்தியா?”

“கைல வெச்சு அசைச்சுப் பாத்தேன். அவரும் அப்படித்தான பாப்பாரு.”

“எவ்ளோன்னு தோணுச்சு?”

“ஒரு இருநூறு.”

“நானூத்தி எண்பதும்மா.”

“அவருக்குத்தான் அந்தக் கை” என்றாள்.

“சரி, கீழ வர ஆரம்பிச்சதும் எடுத்திருக்கலாமே?”

“எடுக்க மனசு வரல. கயிறு கட்டிட்டேன்.”

நான் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அம்மா முதலில் முறைத்தாள், பிறகு பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்பிரிங் தளரவில்லை. விரிசல் இல்லை. நாற்பத்தொரு வருடம் பாரங்களைக் கையில் அசைத்து எடை சொன்ன மனிதரின் மனைவி, அதே மாதிரி அசைத்து, தப்பாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இன்று விரிசல் இல்லை. நாளைக்கு வரலாம். வந்தால்?

கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். தலையணை வைத்தேன். அதன்மேல் அம்மாவின் தலைக்குப் பதிலாக ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்தேன்.

“என் மூக்கு அதவிட உயரம். மேல ஒரு டம்ளர் வை” என்றாள் அம்மா.

வைத்தேன். ஊசியை மறுபடி செருகி, ஸ்பேனர் இல்லாமல் திரையை மாட்டினேன். பிறகு ஒரு ஸ்பிரிங்கின் கொக்கியைக் கழற்றினேன். அறுந்துபோனால் எப்படியோ அப்படி. ஊசியை உருவினேன்.

திரை விழவில்லை. இறங்கியது. வயதானவர்கள் நாற்காலியில் உட்காருவது போல, பிடித்துப் பிடித்து. அந்த எண்ணெய்க் குழல் அதைத் தாங்கித் தாங்கி இறக்கியது. டம்ளருக்கு மேலே நான்கு விரல் இருக்கும்போது ‘டக்’ என்று நின்றது. கைக்குள்ளே ஒரு தடித்த போல்ட். கை அதில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கீழே போக வழியே இல்லை. இரண்டாவது ஸ்பிரிங்கையும் கழற்றி, மறுபடி மேலிருந்து விட்டேன். அதே போல மெதுவாக இறங்கி, அதே இடத்தில் நின்றது. நான்கு விரல்.

என் தாளில் நான்காவது குறை: ‘எண்ணெய்க் குழல் தேவையற்ற எடை. நீக்கவும்.’ ஆறாவது: ‘உட்புற போல்ட் எதற்கும் பயன்படவில்லை. நீக்கவும்.’ நான் எழுதியவை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால், திரை நேராக அந்த டம்ளரில் விழுந்திருக்கும்.

ஸ்பிரிங் கூட இழுக்கிறது என்று எழுதிய முதல் குறையும் அப்போதுதான் புரிந்தது. சரியாகச் சமன் செய்த கை, ஒரு திருகு தளர்ந்தாலும், கொஞ்சம் தூசி சேர்ந்தாலும், மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம். இருநூறு கிராம் கூட வைத்தால் அது ஒரு பக்கம்தான் போகும். முகத்தை விட்டு விலகுகிற பக்கம். தலையணையில் குப்புறக் கிடந்த திரையைப் பார்த்த அன்றே அவர் அதை முடிவு செய்திருக்க வேண்டும். ‘மேலதானே போகுது’ என்று என்னிடம் சொல்லவும் செய்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். குழல், போல்ட், இருநூறு கிராம், எல்லாவற்றையும். அவள் நின்றபடியே கேட்டாள். டம்ளரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்கிட்ட ஏண்டி சொல்லல அந்த மனுஷன்?”

“எனக்கும்தான் சொல்லல.”

டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். “நல்லதுதான். சொல்லியிருந்தா நான் படுத்திருப்பேனா? இது விழும்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சிருக்காருன்னு தெரிஞ்சா, அதுக்குக் கீழ எவ படுப்பா?”

“இப்பத் தெரிஞ்சுடுச்சே.”

“இப்ப விழாதுன்னும் தெரிஞ்சுடுச்சே” என்று சொல்லி டம்ளரையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஸ்பிரிங்குகளை மாட்டினேன். கொக்கிகளை இரண்டு தடவை சரிபார்த்தேன். கயிற்றைச் சுருட்டினேன். ஸ்பேனரைத் துடைத்து அப்பாவின் கருவிகளோடு அதன் இடத்தில் வைத்தேன். அம்மா வந்து படுத்தாள், பலகையை வயிற்றில் சரிசெய்தாள், திரையை இழுத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டேகால்.

“ஆரம்பிக்கட்டுமா?”

“ஆரம்பி.”

“போன தடவ மாதிரி நோட்டீஸ் எதுவும் இல்லையே?”

“இல்ல.”

அவள் தட்டச்சத் தொடங்கினாள். நான் கருவிகளைப் பையில் போடுவதற்காகத் தரையில் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தேன். கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அப்பா போனதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. படுத்தால் அந்த அரைமணி நேரம் வந்து நிற்கும். அது போனால் இந்தத் திரை வந்து நிற்கும். அன்று பகல் வெளிச்சத்தில், ஸ்குரூடிரைவரைக் கையில் பிடித்தபடி, வெறும் தரையில் தூங்கியிருக்கிறேன்.

விழித்தபோது வெயில் ஜன்னலின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. என் மேல் ஒரு போர்வை. தலைக்குக் கீழே தலையணை. எப்போது சரிந்து படுத்தேன் என்று தெரியவில்லை. அம்மா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அச்சகத்து மேனேஜர்.

“அனுப்பிட்டேன் சார். ஒம்பது பக்கமும்... நாளைக்குத்தான் கேட்டீங்க, தெரியும், இன்னிக்கே முடிஞ்சுது... ம், ம்... இல்ல சார், ஒண்ணும் பிரச்சன இல்ல. அதெல்லாம் சரியாயிடுச்சு.”

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எழுந்துட்டியா? வாயத் தொறந்துட்டுத் தூங்கினே. அச்சு அசலா அவரேதான்.”

“மணி என்ன?”

“அஞ்சு. அடுத்தது கண்ணுக்கு விடற சொட்டு மருந்தாம். பதினாறு பக்கம். முடியுமான்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“அனுப்பச் சொல்லிட்டேன்” என்றாள். “போய் டீ போடு. எனக்கும் சேத்து.”

நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு டீ போடப் போனேன்.